அளவை என்னும் சொல்லும் அணுவின் உலகமும்

தமிழில் ‘அளவை’ என்னும் சொல்லுக்கு இரு பொருள்கள் உண்டு. நாழி, மரக்கால், முழம், பலம் என உலகப் பொருள்களை அளப்பதும் அளவை. மெய்ப்பொருளை அறியும் வழியும் அளவை. வடநூலார் ‘பிரமாணம்’ என்று வழங்கியதையே தமிழ்ச் சான்றோர் அளவை என்றனர். மணிமேகலையின் சமயக் காதைகளும் நீலகேசியின் வாதச் சருக்கங்களும் இப்பொருளிலேயே அச்சொல்லை ஆள்கின்றன. அளத்தலும் அறிதலும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பது, இருபதாம் நூற்றாண்டின் இயற்பியல் எழுப்பிய மிகப் பெரிய வினாவோடு தொடர்புடையது. ஒரு பொருளை அளக்கும்போது, அதில் முன்பே இருந்ததைத்தான் அறிகிறோமா? அல்லது அளக்கும் செயலும் விடையின் ஒரு பகுதியாகிவிடுகிறதா? குவாண்டம் இயற்பியலில் ஏறத்தாழ நூறாண்டுகளாக நடந்துவரும் இவ்விவாதத்தில் ஸ்யாத்வாதத்தின் பெயரும் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அவ்வரலாற்றின் ஓர் இழை விருதுநகர்ச் சீமையிலிருந்து தொடங்குகிறது.

குறண்டியும் வத்திராயிருப்பும்

இன்றைய விருதுநகர் மாவட்டம் பழம் பாண்டி நாட்டின் நடுப்பகுதி. காரியாபட்டி வட்டாரத்தில், ஆவியூரை அடுத்த குறண்டியில் ‘திருக்காட்டாம்பள்ளி’ என்னும் புகழ்பெற்ற சமணப் பள்ளி இருந்தது. குறண்டியைச் சார்ந்த ஆசிரியர், மாணாக்கர் பெயர்கள் மதுரைச் சமணமலைப் பகுதிக் கல்வெட்டுகளிலும் காணப்படுகின்றன. தெற்கே கழுகுமலையின் பாறைமுகத்தில் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசை வரிசையாக இன்றும் நிற்கின்றன. கல்விக்கூடத்திற்குப் ‘பள்ளி’ என்று பெயர் நிலைத்த நாட்டில், அளவை நூலும் வாதநெறியும் பயிற்றப்பட்ட இடங்கள் இவை.

அதே மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்து ஊரான வத்திராயிருப்பில், 1898 டிசம்பர் 4ஆம் நாள் கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன் பிறந்தார். வைணவக் குடும்பம், தந்தையார் தமிழும் வடமொழியும் கற்றவர். திருவில்லிபுத்தூரில் பள்ளிக் கல்வியும், மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் உயர்கல்வியும் பெற்ற அவர், 1920ஆம் ஆண்டளவில் சர் சி. வி. இராமனிடம் பயிலக் கல்கத்தா சென்றார்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் சிவகாசியிலிருந்தும் இருவர் கல்கத்தாவுக்குப் புறப்பட்டனர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் அங்கே தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த வறண்ட நிலம் அத்தொழிலுக்கு ஏற்றதாக அமைந்தது. தீப்பெட்டியைத் தொடர்ந்து பட்டாசும் அச்சும் வளர்ந்தன. ஒரே வட்டாரத்திலிருந்து ஒரே நகரை நாடிய இவ்விரு பயணங்களில் ஒன்று ஊருக்கு நெருப்பைக் கொண்டுவந்தது. மற்றொன்று உலகுக்கு ஒளியைப் பற்றிய ஒரு புதிய உண்மையைத் தந்தது.

1928 பிப்ரவரியில் கல்கத்தாவின் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் இராமனும் கிருஷ்ணனும் அவ்வுண்மையைக் கண்டனர். தூய திரவம் ஒன்றின் வழியே ஒளியைச் செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி தன் நிறத்தை மாற்றிக்கொள்கிறது. சூரிய ஒளியையும் நிற வடிகட்டிகளையும் கொண்டு, கிருஷ்ணன் தம் கண்களாலேயே அந்த மங்கிய ஒளியைக் கூர்ந்து நோக்கினார். அறுபது திரவங்களில் இவ்விளைவு காணப்பட்டதாக இருவர் பெயரிலும் ‘நேச்சர்’ இதழில் செய்தி வெளிவந்தது. 1930இல் இராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிப்ரவரி 28 இன்று நாடெங்கும் தேசிய அறிவியல் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

வாணவேடிக்கையின் நிறங்கள்

இராமன் விளைவுக்கும் சிவகாசி மத்தாப்புக்கும் பொதுவான ஓர் அடிப்படை உண்டு. ஸ்ட்ரான்சியம் உப்பு சிவப்பாக எரிகிறது, பேரியம் பச்சை, சோடியம் மஞ்சள், தாமிரம் நீலம். ஒவ்வொன்றும் தனக்குரிய நிறங்களையே உமிழ்வது ஏன் என்பதற்குப் பழைய இயற்பியலில் விடையில்லை. 1913இல் டென்மார்க்கு அறிஞர் நீல்ஸ் போர் அதற்கு வழி காட்டினார். அணுவினுள் எலக்ட்ரான்கள் எல்லா ஆற்றல் நிலைகளிலும் இருப்பதில்லை. படிக்கட்டில் படிகள் இருப்பதுபோல் குறிப்பிட்ட நிலைகளில் மட்டுமே இருக்கின்றன. ஒரு படியிலிருந்து மற்றொரு படிக்கு இறங்கும்போது, அவ்விரு படிகளின் இடைவெளிக்கு ஏற்ற நிறம் வெளிப்படுகிறது. மூலக்கூறுகளின் அதிர்வுகளும் இவ்வாறே படிப்படியானவை என்பதற்கு இராமன் விளைவு கண்கூடான சான்றாயிற்று.

ஆயின், எலக்ட்ரான் ஒரு படியிலிருந்து மறுபடிக்குச் செல்லும் இடைவழியில் எங்கே இருந்தது? இவ்வினாவுக்கு இந்த இயற்பியல் விடை தரவில்லை. 1927இல் ஹைசன்பர்க் நிச்சயமின்மைக் கோட்பாட்டை வெளியிட்டார். ஒரு துகளின் இருப்பிடத்தையும் உந்தத்தையும் ஒருங்கே முழுத் துல்லியமாக வரையறுக்க இயலாது என்பது அதன் சாரம். அவ்வாண்டு செப்டம்பரில் இத்தாலியின் கோமோ நகரில் போர் தம் ‘நிரப்பு நெறி’யை உரைத்தார். ஒரு கருவி அமைப்பில் ஒளி அலையாகத் தோன்றுகிறது. மற்றோர் அமைப்பில் துகளாகத் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே அமைப்பில் ஒருசேரக் காண இயலாது. எனினும் இரண்டும் சேர்ந்தாலன்றிச் செய்தி நிறைவு பெறாது. எந்த அமைப்பில் அளந்தோம் என்று கூறாமல் விளைவை மட்டும் கூறுவது பொருளற்றது என்பது அவர் முடிவு. கல்கத்தாவில் அந்த மங்கிய ஒளி காணப்பட்டது, இவ்வுரைக்கு ஐந்து மாதங்களுக்குப் பின்னர்.

ஸ்யாத் என்பது ஐயம் அன்று

இங்கேதான் சமண அளவை நூலின் நினைவு பலருக்கும் எழுந்தது. உமாஸ்வாமியின் தத்துவார்த்த சூத்திரம் அறிவுக்கு இரு வாயில்களைக் கூறுகிறது: பிரமாணம், நயம். பொருளை முழுமையாக அறிவது பிரமாணம்; ஒரு நோக்கில் அறிவது நயம். பொருள் அளவிறந்த தன்மைகளை உடையது, அதுவே அநேகாந்தம். ஆதலின் எக்கூற்றுக்கும் முன்னே ‘ஸ்யாத்’ என்னும் அடைவேண்டும், அதுவே ஸ்யாத்வாதம். அவ்வடையோடு ‘உண்டு’, ‘இல்லை’, ‘உண்டும் இல்லையும்’, ‘சொல்லொணாதது’ என்பனவும், இந்நான்காவது முதல் மூன்றோடும் சேர்ந்து வரும் மூன்றுமாகக் கூற்று ஏழாகும்.

‘ஸ்யாத்’ என்பதற்கு ‘ஒருவேளை’, ‘இருக்கலாம்’ என்று பொருள் கூறுவது பெரும் பிழை. இந்த நோக்கில் நிச்சயமாக இவ்வாறு என்பதே அதன் பொருள். இதற்குச் சிவகாசியிலேயே தக்க உவமை கிடைக்கிறது. பட்டாசின் ஓசைக்கு அரசு வகுத்த வரம்பு 125 டெசிபல். அந்த எண் தனியே நிற்பதில்லை. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் என்னும் அடையோடுதான் விதியில் நிற்கிறது. திறந்த வெளியில் தொலைவு இருமடங்கானால் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். ஆகவே 8 மீட்டரில் அளப்பவர் 119 என்பார். இருவரும் பொய்யுரைக்கவில்லை, இருவர் கூற்றிலும் ஐயமும் இல்லை. தொலைவைக் கூறாமல் ‘இந்த வெடியின் ஓசை எவ்வளவு’ என்று கேட்டால் அவ்வினாவே முற்றுப்பெறாதது. அந்த 4 மீட்டர்தான் இங்கே ‘ஸ்யாத்’.

கிருஷ்ணனின் பிற்காலப் பணியும் இதனை விளக்கவல்லது. 1928 இறுதியில் டாக்கா பல்கலைக்கழகம் சென்ற அவர், படிகங்களின் காந்தப் பண்பை அளப்பதில் ஈடுபட்டார். சிறு படிகம் ஒன்றை மெல்லிய இழையில் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் நிறுத்தி, இழையை முறுக்கி, எக்கோணத்தில் படிகம் சட்டெனப் புரள்கிறது என்று காண்பது அவர் முறை. படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை வேறுபடுவதை அம்முறை மிக நுட்பமாகக் காட்டியது. ஒரே படிகம், இத்திசையில் ஓர் அளவு, அத்திசையில் மற்றோர் அளவு. எல்லா அளவுகளும் படிகத்தில் ஒருங்கே உள்ளன. ஒன்றை அளப்பதால் மற்றொன்று அழிவதில்லை. அநேகாந்தத்தின் இயல்பான வடிவம் இதுவே.

அறிஞர் மூவர்

ஸ்யாத்வாதத்தைப் புதிய அறிவியலோடு ஒப்பிட்டவருள் மூவர் சிறப்பாகக் குறிப்பிடத் தக்கவர். முதலாமவர் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பி. சி. மகலனோபிஸ். 1954இல் அவர் எழுதிய கட்டுரையொன்றில், நாணயச் சுண்டுதலை எடுத்துக்காட்டாக்கிச் சப்தபங்கியை ஆராய்ந்தார். ‘சொல்லொணாதது’ என்னும் நான்காம் கூற்றில் நிகழ்தகவுக் கருத்துக்கு இடமிருப்பதாகக் கண்டார். இரண்டாமவர் உயிரியல் அறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன். இங்கிலாந்தை விட்டு அந்நிறுவனத்துக்கே பணியாற்ற வந்த அவர், 1957இல் ‘சங்க்யா’ இதழில் ஸ்யாத்வாதத்தின் ஏழு கூற்றுகளைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதினார். இவ்விருவரும் சமணர் அல்லர் என்பது கருதத் தக்கது.

மூன்றாமவர் டாக்டர் தௌலத் சிங் கோத்தாரி. உதயப்பூரில் 1906இல் சமணக் குடும்பத்தில் பிறந்த இயற்பியலறிஞர். கோத்தாரி கல்விக் குழுவின் தலைவராக ஆசிரியர் உலகம் நன்கறிந்தவர். டெல்லியில் அவர் பாதுகாப்பு அமைச்சின் அறிவியல் ஆலோசகராக இருந்த ஆண்டுகளில், கிருஷ்ணன் அதே நகரில் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநராக இருந்தார். நாட்டின் எடைக்கும் நீளத்துக்கும் உரிய மூல அளவைகளைக் காக்கும் பொறுப்பு அக்கூடத்துக்கே உரியது. அணுகுண்டு வெடிப்பினால் மனித குலத்துக்கு நேரும் தீங்கை அளந்து கூறும் நூலொன்றைக் கோத்தாரி 1956இல் வெளியிட்டார். பிரதமர் நேரு அதற்கு முன்னுரை வழங்கினார். அகிம்சை மரபில் வந்தவர், ஆட்சியாளர் மறைக்க விரும்பக்கூடிய அழிவின் அளவை உலகறிய எழுதியது அறிவியலுக்கும் அறத்துக்கும் பொதுவான செயல். 1985இல் போரின் நூற்றாண்டு மலரில் அவர் எழுதிய கட்டுரை, நிரப்பு நெறியைக் கீழைத் தத்துவங்களோடும், சிறப்பாக ஸ்யாத்வாதத்தோடும் ஒப்பிட்டது.

வெடிமருந்துப் பீப்பாய்

ஒப்புமை இவ்வளவில் நின்றால் இனிதே முடியும். ஆயின் குவாண்டம் அளவீட்டின் புதிர், டெசிபல் உவமையையும் படிக உவமையையும் கடந்து செல்கிறது.

ஒரு பட்டாசின் ஓசையை அளக்க அதை வெடித்தே ஆகவேண்டும். அளந்த பட்டாசு விற்பனைக்கு இல்லை. அளத்தல் இங்கே பொருளை அழித்துவிடுகிறது. எனினும் வெடிக்கும் முன்பே அதனுள் இருந்த மருந்து இன்னது, இவ்வளவு என்பதில் ஐயமில்லை. குவாண்டம் புதிரையும் பலர் இவ்வாறே எண்ணுகின்றனர்: எலக்ட்ரானைக் காண ஒளி பாய்ச்சுகிறோம், அந்த ஒளி அதைத் தள்ளிவிடுகிறது, அதனால் சரியான அளவு கிடைப்பதில்லை என்று. போரின் கருத்து இதனினும் ஆழமானது. தள்ளப்படுவதற்கு முன் அங்கே ஒரு திட்டமான அளவு இருந்தது என்று கூறவே உரிமை இல்லை என்றார் அவர்.

1922இல் ஷ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைக் காந்தத்தின் ஊடே செலுத்தியபோது, அவை மேல், கீழ் என்னும் இரு கற்றைகளாகப் பிரிந்தன. அவ்வாறு மேலே சென்றவற்றை மட்டும் எடுத்துப் பக்கவாட்டில் அமைந்த காந்தத்தில் செலுத்தினால், பாதி இடமும் பாதி வலமும் செல்லும். இடப்புறம் சென்றவற்றை மீண்டும் முதல் வகைக் காந்தத்தில் செலுத்தினால், எல்லாம் மேலே செல்லும் என்றே எவரும் எதிர்பார்ப்பர்; குவாண்டம் விதிப்படியோ பாதி மேலும் பாதி கீழும் செல்லும். முன்பு பெற்ற விடை இல்லாமலே போய்விட்டது. கிருஷ்ணனின் படிகத்தில் எல்லாத் திசை அளவுகளும் ஒருங்கே இருந்தன. வெள்ளி அணுவில் அவ்வாறு இல்லை.

ஐன்ஸ்டைன் இதனை ஏற்கவில்லை. 1935 ஆகஸ்டு 8ஆம் நாள் ஷ்ரோடிங்கருக்கு எழுதிய கடிதத்தில் அவர் காட்டிய எடுத்துக்காட்டு ஒரு வெடிமருந்துப் பீப்பாய். நிலையற்ற மருந்து, ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் தானே வெடிக்கலாம். குவாண்டம் சமன்பாட்டை அப்பீப்பாய்க்குப் பொருத்தினால், ஓராண்டு கழிந்தபின் அது வெடித்த நிலையும் வெடிக்காத நிலையும் கலந்த ஒன்றை வருணிக்கும். உண்மையிலோ வெடித்ததற்கும் வெடிக்காததற்கும் இடைநிலை ஒன்று கிடையாது என்றார் அவர். இக்கடிதப் போக்குவரத்தின் தொடர்ச்சியாகவே ஷ்ரோடிங்கரின் புகழ்பெற்ற பூனை உவமை அவ்வாண்டு இறுதியில் வெளிவந்தது.

சிவகாசி மக்களுக்கு வெடிமருந்துப் பீப்பாய் வெறும் சிந்தனைச் சோதனை அன்று. 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் மடிந்தன. வெடித்ததா இல்லையா என்பதில் அங்கே இடைநிலை இல்லை. அணுவின் உலகில் செல்லும் விதி, கண்ணால் காணும் உலகில் எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதே ஐன்ஸ்டைன் எழுப்பிய வினா. அது இன்றும் முற்றும் தீரவில்லை.

1993இல் எலிட்சூர், வைத்மன் என்னும் இஸ்ரேலிய அறிஞர் இருவர் இதிலிருந்து மற்றொரு வியப்பை எழுப்பினர். ஒரே ஒரு ஒளித்துகள் பட்டாலே வெடிக்கும் குண்டு ஒன்று இருப்பதாகக் கொள்க. அது செயல்படும் குண்டா, பழுதானதா என்று வெடிக்காமலே அறிய முடியுமா? ஒளித்துகளுக்கு இரு வழிகள் அமைத்து, ஒரு வழியில் குண்டை வைத்தால், நல்ல குண்டுகளில் நான்கில் ஒரு பங்கினை அவை வெடிக்காமலே கண்டறியலாம் என்று அவர்கள் கணக்கிட்டுக் காட்டினர். உண்மைக் குண்டின்றி, ஒளித்துகளும் உணர்கருவியும் கொண்டு 1995இல் இது சோதனையிலும் உறுதியாயிற்று. தீண்டாமலும் ஒன்றை அளக்கலாம் என்றால், அளத்தல் என்பது தள்ளுதல் மட்டும் அன்று என்பது தெளிவு.

ஒப்புமையின் எல்லை

‘குவாண்டம் இயற்பியல் ஸ்யாத்வாதத்தை மெய்ப்பித்துவிட்டது’ என்று மேடைகளில் முழங்குவது எளிது. இளைஞர் கைதட்டவும் கூடும். ஆயின் அவ்வாறு கூறுவோர் தாம் எதனைக் கைவிடுகின்றனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

சமண தத்துவத்தில் பொருளின் தன்மைகள் அறிபவரைச் சாராமல் பொருளிலேயே உள்ளன. குறைபாடு அறிபவரிடமும் மொழியிடமும் மட்டுமே உண்டு. ஆதலால்தான் கேவலஞானம் என்னும் முழுதுணர்வு பொருள்படுகிறது. எல்லாப் பொருள்களையும் அவற்றின் எல்லா நிலைகளையும் கேவலி அறிகிறார் என்பது ஆகமம். போரின் கூற்றுப்படி, அளக்கப்படாத அளவு என ஒன்று இல்லை. அதனை அவ்வாறே ஏற்றுக்கொண்டு அதுவே ஸ்யாத்வாதம் என்றால், கேவலிக்கு அறிவதற்கென அங்கே ஒன்றும் இல்லை என்றாகிவிடும். ஸ்யாத்வாதத்தின் புகழை உயர்த்த முற்பட்டு அதன் அடித்தளத்தையே அகற்றுவது பக்தியும் ஆகாது, அறிவியலும் ஆகாது.

மேலும், குவாண்டம் கணிதம் எத்தனையில் எத்தனை பங்கு என்று எண்ணால் கூறுகிறது. சப்தபங்கி எண் தருவதில்லை. சப்தபங்கி குடம் முதல் ஆன்மா வரை எல்லாவற்றுக்கும் உரியது; குவாண்டம் புதிர் அணுவின் அளவில்தான் வெளிப்படுகிறது.

மறுபுறம், போரின் விளக்கமே இறுதி என்றும் கூற இயலாது. 1952இல் டேவிட் போம், துகளுக்கு எப்போதும் திட்டமான இருப்பிடம் உண்டு எனக் கொண்டே அதே கணக்கு முடிவுகளைப் பெற்றார். 1957இல் எவரெட் வேறொரு விளக்கம் தந்தார். 1964இல் ஜான் பெல் காட்டிய தேற்றம் விவாதத்துக்கு எல்லை வகுத்தது. விடைகள் யாவும் துகளுக்குள் முன்பே இருந்தன என்பதையும், தொலைவில் நிகழ்வது எதுவும் அதனை உடனே பாதிக்காது என்பதையும் ஒருங்கே கொள்ள இயலாது. இதனைச் சோதனையால் நிறுவிய ஆஸ்பே, கிளாசர், சைலிங்கர் மூவருக்கும் 2022இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. கணக்கில் அனைவரும் ஒன்றுபடுகின்றனர்; பொருள் கூறுவதில் வேறுபடுகின்றனர். தன் நோக்கு ஒன்றே மெய், பிற யாவும் பொய் என்று பிடிவாதம் கொள்ளும் நயத்தை முன்னோர் ‘துர்நயம்’ என்றனர். இன்றைய இயற்பியலறிஞருள் நிதானமானோர் அதனைத் தவிர்க்கின்றனர்.

ஆகவே இவ்வொப்புமையையும் ஸ்யாத்வாத முறையிலேயே கூறுவது தக்கது. நோக்கைக் கூறாத விடை நிறைவற்றது என்னும் வகையில் இரண்டுக்கும் ஒப்பு உண்டு. பொருளின் தன்மை அளத்தலுக்கு முன்பே உள்ளதா என்னும் வகையில், போரின் நெறியோடு ஒப்பு இல்லை. வரிசையாகக் கூறினால் உண்டும் இல்லையும். இரண்டையும் ஒரே மூச்சில் கூறச் சொன்னால் சொல்லொணாதது.

1936இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையுடன் பதிப்பித்தபோது, தமிழ்ச் சமணரின் அளவை நூல் மரபு மீண்டும் அச்சில் உயிர்பெற்றது. பிற சமயத்தாரின் கொள்கையை முதலில் உள்ளவாறே எடுத்துரைத்துப் பின்னரே மறுப்பது அந்நூலின் நெறி. இன்று கல்லூரிகளில் இயற்பியல் பயிலும் தமிழ்ச் சமண இளைஞர்க்கும் அதுவே வழி. குவாண்டம் நூலைக் குவாண்டம் நூலாகக் கற்கவேண்டும், தத்துவார்த்த சூத்திரத்தை அதன் உரைகளோடு கற்கவேண்டும், அதன்பின் ஒப்பிடவேண்டும்.

பகவான் மகாவீரர் வீடுபேறு எய்திய தீபாவளித் திருநாளில் சமண இல்லங்களில் விளக்குகள் ஏற்றப்படுகின்றன. அதே இரவில் நாடெங்கும் சிவகாசியின் நிறங்கள் வானில் விரிகின்றன. அந்நிறங்களின் காரணத்தைத் தேடிப் புறப்பட்ட அறிவியல், இருபதாம் நூற்றாண்டில் அளவையின் எல்லையை எட்டியது. எந்த நோக்கில் கூறுகிறோம் என்பதை மறவாமல் கூறும் பழக்கம் அவ்வெல்லையிலும் துணைநிற்கும். அண்டை வீட்டாருடன் மாறுபட்டுப் பேசும்போதும் துணைநிற்கும். அப்பழக்கத்தை வருங்காலத் தலைமுறை குன்றாமல் காத்து வளர்ப்பதாக!